ஒரு ரிங்

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“என்ர மனுசன் போனில கதைக்காத காலத்திலதான் அக்கா, அவர் சொல்லுறது எனக்கு நல்லா விளங்கினது.”

மற்றவள் திரும்பினாள். “அதென்ன கதை?”

“அப்ப வேலை முடிஞ்சு மருதானை ஸ்டேசனில இருந்து மிஸ்ட் கோல் குடுப்பார். ஒரு ரிங் எண்டா, ரெயின் ஏறிட்டன், சோத்தை வை. ரெண்டு எண்டா, சுணங்கும், நீ சாப்பிடு. கலியாணம் முடிச்ச நாளில இருந்து அப்படித்தான்.”

“இப்ப?”

“கனடாவுக்குப் போனாப்பிறகு ஒவ்வொரு நாளும் வீடியோவில ஒரு மணித்தியாலம் கதைக்கிறார்.”

“நல்லதுதானே?”

“ஓம். நேற்று ஆசைக்கு நான் ஒரு ரிங் குடுத்திட்டு வெட்டினன்.”

“அவருக்கு விளங்கினதோ?”

“உடன எடுத்தார். ‘என்ன, டேட்டா முடிஞ்சிட்டுதோ?’ எண்டு கேட்டார்.”