மாங்காய்க்குப் போட்ட சட்டை

பஸ் ராசிபுரம் தாண்டியதும் என் முன் இருக்கைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "மாங்காய்க்குப் போட்ட சட்டைய நானே கழட்டிட்டனுங்க."

"சட்டைங்களா?"

"ஈ குத்தாம இருக்கக் காய்க்குக் கட்டற காகித உறைங்க. ஏற்றுமதிக்குன்னு அரசாங்கம் மானியத்துல குடுத்தது. நானும் ஊட்டுக்காரியும் ஏணி போட்டு ஒவ்வொரு காய்க்கும் கட்டுனோம்."

"அப்பறம் ஏனுங்க கழட்டுனீங்க?"

"எம் பொண்ணப் பாக்க மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வந்தாங்க. தோப்பு காச்சுத் தொங்கறது அவங்க கண்ணுல படட்டும்னுதான்."

"அடடா."

"ஒரே வாரத்துல ஈ குத்திருச்சுங்க. ஏற்றுமதிக்கு ஆகாதுன்னுட்டாங்க. அடுத்த வருசம் மானியமும் கெடையாதாம்."

"மாப்பிள்ளை ஊட்டுல என்ன சொன்னாங்க?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மரத்த அண்ணாந்துகூடப் பாக்கலைங்க. கெணத்துல தண்ணி கெடக்குதான்னு எட்டிப் பாத்துட்டு, அப்படியே வண்டியேறிட்டாங்க."