'உறவினர்' என்பதன் வரையறை

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். ஆடிக்கிருத்திகை முடிந்த வாரத்தில் திருத்தணியில் கழுவின டம்ளரில் காபி கிடைப்பதே பெரிய விஷயம். கேட்டதை முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

என் பெயர் பரந்தாமன். அரக்கோணத்துக்காரன், மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்தவன். விழா உதவிச் சங்கம் என்று சில வியாபாரிகள் நடத்துகிறார்கள் அல்லவா, அவர்கள் இந்த வருடம் எங்கிருந்தோ ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள். எண்பத்தாறிலாவது இந்த ஊருக்கு அது வந்ததே. கூட்டத்தில் தொலைந்தவர்களை உரியவர்களிடம் சேர்ப்பதுதான் திட்டம். குளத்தங்கரை, பஸ் ஸ்டாண்டு, ரயிலடி ஆகிய இடங்களில் பந்தல்கள். அங்கிருந்தெல்லாம் விவரம் மலையடிவாரச் சத்திரத்தில் இருந்த என்னிடம் வரவேண்டும். அதற்கு முன்னால், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் பொதுவாக வகுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அதற்காகப் பந்தல்காரர்களை உட்காரவைத்து நடத்தின கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளத்தங்கரைக்காரர் 'தப்பிப்போன பிள்ளை' என்றார். பஸ் ஸ்டாண்டுக்காரர் 'தொலைஞ்ச கேஸ்' என்றார். ரயிலடிக்காரர் குடைக்கும் குழந்தைக்கும் சேர்த்து 'கேட்பாரற்றது' என்று ஒரே வார்த்தை வைத்திருந்தார். அந்த மூளைகளை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க மாரடித்தேன். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். அங்க அடையாளம் எழுத இடம் வேண்டுமாம். ஒருவர் மச்சம் என்பார், ஒருவர் தழும்பு என்பார், ஒருவர் பாவாடை நிறத்தைப் பற்றிக் கதை எழுதுவார். அதை எந்த மெஷினும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. எடுத்துவிட்டேன். பெயர், ஊர், வயது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மனிதர். மூன்றையும் சரியாகச் சொல்பவர் உறவினர். என் வரையறையில் ரத்தத்துக்கு இடமில்லை, அழுகைக்கும் இடமில்லை.

மைக்கில் அறிவிக்க கமலா என்று ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். ஆர்.கே.பேட்டைப் பக்கம் சத்துணவு சமைக்கிறவள். "கொழந்த யாரைப் பாத்து ஓடுதுன்னு பாத்தா பத்தாதா சார்?" என்று கேட்டாள். ஓடுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய் என்று நான் கேட்டதும் மைக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

கிருத்திகை அன்று மத்தியானம் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். மொட்டைத் தலை, சந்தனம். அன்றைக்கு அங்கே இருந்த குழந்தைகளில் பாதி அப்படித்தான். காதில் புதிதாகக் குத்தி வேப்பங்குச்சி செருகியிருந்தது. பெயர் கேட்டதும் வள்ளி என்று பெருமையாகச் சொன்னது. ஊர் ஆர்.கே.பேட்டை. வயதுக்கு நாலு விரல். கமலா மூன்றையும் மைக்கில் சொன்னாள். அறிவிப்பு முறையையும் நான்தான் வகுத்தேன்.

அந்த நேரத்தில் மெட்ராஸிலிருந்து சில பெரிய மனிதர்கள் மெஷினைப் பார்க்க வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் வேறு ஊர்த் திருவிழாக்களுக்கும் என்னையே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பச்சைப் புடவை கட்டின ஒருத்தி வந்தாள். கேள்விகளைக் கேட்டேன். 'பொருந்துகிறது' என்று திரையில் வந்தது. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். குழந்தை அவளிடம் போகமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டது. நான்தான் விரல்களைப் பிரித்துவிட்டு, கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பினேன். இருவரும் ரயிலடிப் பக்கம் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் வரலட்சுமி வந்தாள். அம்மையார்குப்பத்து நெசவுக்காரி. மூச்சு வாங்கிக்கொண்டு, "எம் பொண்ணு பங்காருவப் பாத்தீங்களா" என்றாள். பெயர் பங்காரு. ஊர் அம்மையார்குப்பம். வயது கேட்டால், "அஞ்சு நடக்குதுங்க." மூன்றுமே பொருந்தவில்லை. இல்லை என்றேன்.

அப்புறம்தான் அவள் கதையை ஆரம்பித்தாள். "காலைலதான் மலமேல மொட்ட போட்டு, சாமி பேரா வள்ளின்னு வெச்சோம் சார். வூட்ல எப்பவும் பங்காருதான். புதுப் பேர் வந்ததுல அதுக்கு அவ்ளோ ஆசை, பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்லிக்கினே வந்துச்சு. ஊர் கேட்டா ஆர்.கே.பேட்டைன்னு சொல்லும், எங்க பஸ்ல அப்டித்தான கத்தறாங்க. காதுல வேப்பங்குச்சி இருக்கும் சார்."

நாலு வருடம் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, திருவிழாக் கூட்டத்தின் நடுவில் பெயரை மாற்றுகிறவர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். கமலா என் பக்கம் ஓடிவந்து குனிந்தாள். "சார், வண்டி இன்னும் வந்திருக்காது. ரயிலடிப் பந்தலுக்குப் போன் பண்ணுங்க சார். உங்க கால்ல விழறேன்." போன் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்த விருந்தாளிகள் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். 'ஒப்படைக்கப்பட்டது' என்பதை ரத்து செய்ய நான் எந்த வழியும் வைத்திருக்கவில்லை. தவறாக ஒப்படைப்பது என்ற ஒன்று என் வரையறையிலேயே கிடையாது.

"அப்படிக் குழந்தை எதுவும் இங்க வரலைம்மா" என்றேன். பிறகு அவளுடைய திருப்திக்காக, பங்காரு, அம்மையார்குப்பம், வயது ஐந்து என்று அறிவிக்கச் சொன்னேன். மறுத்தால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றதும் கமலா அழுதுகொண்டே சொன்னாள். அந்த அம்மாள் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று, ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக்கொண்டு வழியைப் பார்த்தாள். அரக்கோணம் வண்டி கிளம்பும் சத்தம் சத்திரத்துக்குக் கேட்டது. விருந்தாளிகளுக்கு இன்னொரு முறை திரையைக் காட்டினேன். கேட்பார் இல்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் இதற்கு முன் அப்படி நடந்ததே கிடையாது.

குழந்தை இன்னும் அகப்படவில்லை என்கிறீர்கள். வருத்தமான விஷயம்தான். ஆனால் திட்டத்தில் பிழை இல்லை. சொன்ன விவரத்தை மெஷின் சரியாகத்தான் ஒப்பிட்டது. பெற்ற பிள்ளையின் விவரத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத தாய்க்கு நானா பொறுப்பு?

பச்சைப் புடவைக்காரியைப் பற்றி இன்னும் கேட்கிறீர்கள். சரி, மறைக்க ஒன்றுமில்லை. அவள் உள்ளே வருவதற்கு முன்னால் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள். வயதைக் கேட்டதும் முழித்தாள். பிறகு அவளும் அஞ்சு என்றாள். பின்னால் விருந்தாளிகள் திரைக்குமேல் குனிந்து காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாலுதானேம்மா?" என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "ஆங், நாலு சார், நாலு" என்றாள்.