கடைசி ஆசைக்கு ஒரு மேஜை

பிஸ்கட் நமுத்துப்போயிருக்கிறது இன்ஸ்பெக்டர் மேடம். குறையாகச் சொல்லவில்லை. யாரோ டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஒளித்து மறைத்துப் பேசுகிற ஆள் நானில்லை. என் மனைவி இதே ஆஸ்பத்திரியின் மாடியில் கையில் ட்ரிப்ஸோடு கிடக்கிறாள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, நாளைக் காலை வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்கிறார். இந்த நிலைமையில் பொய் பேசி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது, நீங்களே சொல்லுங்கள்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். நாளெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, படுக்கச் சொல்லி, முதுகுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் என் பிழைப்பு. மதியம் கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, கொண்டுபோனதை வாயில் போட்டுக்கொள்வேன். அது வயிற்றுக்கு. நாக்குக்கென்று எனக்கு இருப்பது சனியும் ஞாயிறும்தான். ஒரு நாள் வெளியே போய்ச் சாப்பிடுவேன், ஒரு நாள் வீட்டில் நானே சமைப்பேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேறு எந்த வம்பும் கிடையாது. இதை என் மைத்துனரிடம் கேட்டால்கூட ஒப்புக்கொள்வார். இப்போது கேட்க வேண்டாம், மனுஷர் கோபத்தில் இருக்கிறார்.

என் மனைவி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். குளத்தின் இரைச்சலில் கத்திக் கத்தி வீட்டிலும் உரக்கத்தான் பேசுவாள். தங்கமான மனுஷி. ஆனால் அவளுக்கு நாக்கு இருப்பது பேசுவதற்கு மட்டும்தான். அவித்த முட்டை நாலை நின்ற வாக்கிலேயே முழுங்கிவிட்டு, சாப்பாடு முடிந்தது என்று கையைக் கழுவுகிறவள். நான் அரை நாள் அடுப்படியில் நின்று வைத்த குழம்பையும் அதே வேகத்தில் அதே முகத்தோடு சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதைப் பொறுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகைகூட இல்லை. மாஸ்டர் ஒருவர்தான் முதலாளியும் சமையல்காரரும். அங்கே சாப்பிட்டு வந்தவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோல் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். எடுத்த பெண், "நாலு மாசத்துக்கு ஒரு மேஜையும் இல்லீங்க சார்" என்றாள். முன்கூட்டி எதையும் யோசித்து வைத்து நான் போன் பண்ணவில்லை. அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இளகினது போல இருந்தது. "நாலு மாசம்லாம் எங்களுக்கு இல்லம்மா. என் வீட்டுக்காரிக்கு டாக்டர் நாள் சொல்லிட்டாரு. உங்க கடையில ஒருவேளை சாப்பிடணும்ங்கறதுதான் அவளோட கடைசி ஆசை" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு மதியம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு மேஜை கேட்டேன், கிடைத்தது.

சனிக்கிழமை மதியம் அவள் குளத்திலிருந்து ஈரத்தலையோடு நேரே வந்து சேர்ந்தாள். கொளுத்துகிற வெயில், முகமெல்லாம் சிவந்து, தோள் இரண்டும் புடைத்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர்களுக்கு நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன், வெளியில் தெரியாத வியாதி, அவளிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்று. சன்னலோரத்தில் பூவெல்லாம் வைத்து மேஜை போட்டிருந்தார்கள். நாற்காலியை இழுத்துவிட்ட சர்வர் அவள் கையைப் பிடித்து இரண்டு நிமிடம் விடவில்லை. "இங்க எல்லாரும் எவ்ளோ பாசமா இருக்காங்க, பாத்தீங்களா?" என்று என்னிடம் வியந்துபோனாள்.

நீந்திவிட்டு வந்த பசி. வைத்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டாள், கேட்டு வாங்கியும் சாப்பிட்டாள். மாஸ்டர் உள்ளேயிருந்து வந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷத்துல இப்படி ரசிச்சுச் சாப்பிட்டவங்கள நான் பாத்ததில்ல" என்றார். எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. அந்த மேஜையில் ரசித்துச் சாப்பிட்டது நான். ஆட்டுத்தொடையை எலும்போடு எத்தனை நேரம் தீயில் விட்டிருப்பார், வெண்ணெயை எந்தக் கட்டத்தில் சேர்த்திருப்பார் என்று ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். என் தட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நாளைக்கு எங்க குளத்துப் பசங்களுக்கு நீச்சல் போட்டி மாஸ்டர். விடியக்காலமே கிளம்பணும்" என்றாள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அது நடக்காது என்பதுபோல நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன். அவர் முகத்தைத் திருப்பி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைத் தனியாக அழைத்து, "நாளைக்குக் கடை லீவு சார். நானே வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கு சமைச்சுப் போடறேன். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா?

சிக்கல் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மாஸ்டர் வருகிற நேரத்தில் இவள் குளக்கரையில் விசில் ஊதிக்கொண்டிருப்பாள். ஊதி முடித்துவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வருவாள். சாகப்போகிறவள் செய்கிற காரியமா அது? அந்த நல்ல மனிதரை ஏமாற்றினதாக ஆகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் சாயங்காலம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்ப் பேதி மருந்து வாங்கிவந்தேன். கோழி எலும்பு போட்டு சூப் வைத்தேன். மருந்து கசந்தது. வெங்காயத்தைக் கருகும் பதத்துக்கு வதக்கி, மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் அந்தக் கசப்பு இருக்கிற இடமே தெரியாது. சமைக்கிறவனாக இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இரண்டு கிண்ணம் குடித்தாள். "இன்னைக்குதாங்க சூப் உண்மையிலேயே நல்லா இருக்கு. இதே மாதிரி வைங்க" என்றாள். இத்தனை வருஷமாக எத்தனை சூப் வைத்திருக்கிறேன். ஒன்றுக்காவது வாயைத் திறந்தாளா? நாக்கு என்று ஒன்று இருந்திருந்தால் முதல் கரண்டியிலேயே கண்டுபிடித்திருப்பாள். இதில் தப்பு முழுக்க என் பக்கம் என்று சொல்ல முடியாது.

ஞாயிறு காலையில் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, குளத்துப் பிள்ளைகளைச் சொல்லித்தான் அழுதாள். "அந்தக் குட்டிப் பொண்ணு நான் எதிர்ல நிக்கலைன்னா குதிக்கவே மாட்டாளுங்க. போன் பண்ணிச் சொல்லுங்க, பயப்படாம குதிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள். போன் பண்ணிச் சொன்னேன். அதெல்லாம் சரியாகச் செய்கிறவன் நான். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் இருப்பார், சாதாரண வயிற்றுப்போக்கு, தானே நின்றுவிடும் என்றேன். பிறகு தலைமாட்டில் இரண்டு தலையணையை உயரம் பார்த்து வைத்து, சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறபடி கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினேன். கன்னம் ஒட்டிப்போனது நன்றாகத் தெரிந்தது. ஒருவர் படுத்தால் எப்படித் தெரிவார் என்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

மாஸ்டர் இரண்டு கூடை நிறையச் சாமான்களோடு வந்தார். எங்கள் அடுப்படியில், என் கத்தியில் நறுக்கினார். "நல்லா தீட்டி வச்சிருக்கீங்க சார்" என்றார். அவர் வாயால் அப்படிக் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியுமோ என்னவோ. வெண்ணெய் உருகுகிற வாசனை வீடு முழுக்க நிறைந்தது. உள்ளேயிருந்து அவள், "வாடை கொமட்டுதுங்க, கதவைச் சாத்துங்க" என்றாள். சாத்தினேன்.

மாஸ்டர் தெளிந்த சாறாக ஒரு கிண்ணம் எடுத்துப்போய்த் தன் கையாலேயே ஊட்டினார். ஒரு வாய்கூட நிற்கவில்லை. "மன்னிச்சுக்குங்கண்ணே, உங்க மேலெல்லாம்..." என்று அவள் கூசிப்போனாள். அவர் வெளியே வந்து குழாயடியில் சட்டையைக் கழுவிக்கொண்டே அழுதார். நான் சாப்பிட உட்கார்ந்தேன். ஆறிப்போனால் அவர் வறுத்து வைத்த மீன் வீணாகிவிடும். தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக இருந்தது. தொடைக்கறியில் எலும்பை ஆட்டினால் தானாகக் கழன்று வந்தது. அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லையாம், அவர் பங்கையும் எனக்கே வைத்தார்.

நடுவில் ஒருமுறை அவள் சமாளித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். போட்டி என்ன ஆயிற்று, போனைக் கொடுங்கள் என்று கேட்டாள். பழத்தை வேகவைத்து ஒரு இனிப்பு செய்துகொண்டிருந்தார் மாஸ்டர், அடுத்து அவர் அந்த அறைக்குத்தான் வரப்போகிறார். அதனால் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரில் இன்னொரு கரண்டி மருந்து கலந்து கொடுத்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டு, "உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்" என்றாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அவள் அண்ணன் வந்தார். சாமான் வண்டி ஓட்டுகிறவர். குளத்திலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கூப்பிட்டதற்கு அவள் கண்ணைத் திறக்கவில்லை. "மாப்ள, இவ்ளோ நேரம் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். மிச்சம் இருந்ததை டப்பாக்களில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்தேன், அதைத்தான் சொன்னேன். அவர் தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இங்கே கொண்டுவந்து சேர்த்தார், டாக்டர் என்னென்னவோ கேட்டார், என் சட்டைப்பையில் இருந்த காலி பாட்டிலைப் பார்த்தார். பிறகு உங்களுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

காலி பாட்டில்தான் உங்களுக்கு உறுத்துகிறது, புரிகிறது. சூப்பில் கலந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டேன், தண்ணீரில் கலந்ததற்கும் சொல்லிவிட்டேன். மாஸ்டர் கிளம்பிப் போன பிறகு எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அப்போது பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. ஆமாம், அவ்வளவையும் எலுமிச்சைச் சாற்றில் ஊற்றி, அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, நான்தான் குடிக்கவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மாஸ்டர் வாசலில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்த நாள் வர்றப்போ, காரியத்துக்கு வர்ற சனம் அத்தனை பேருக்கும் என் கையாலதான் சாப்பாடு. நீங்க அடுப்புப் பக்கமே வரக் கூடாது" என்றார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் சொல்லமாட்டார்கள். மரியாதைக்கு, என்ன செய்வீர்கள் என்று கேட்டுவைத்தேன். தொடைக்கறிதான், ஆனால் கூட்டத்துக்கென்று பெரிய பாத்திரத்தில் தணலில் கிடந்தால் அதன் ருசியே வேறு என்றார். மீன் இரண்டு விதம் என்றார். அப்புறம் ஒன்று இருக்கிறது, மூன்று நாள் பிடிக்கும், நூறு பேருக்குக் குறைந்து செய்தால் பதம் வராது, அதனால் கடையில் அதைச் செய்ததே இல்லை என்றார்.

அந்தப் பேச்சையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள் மேடம். அந்த நேரத்தில் அதெல்லாம் என் நினைப்பிலேயே இல்லை. அவள் என் மனைவி, பிழைத்து எழுந்துவர வேண்டும் என்றுதான் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்டரையும் எப்படியும் விசாரிப்பீர்கள் அல்லவா? அந்த மூன்று நாள் பண்டம் என்னவென்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.