இடுப்பில் ஒன்றுமில்லை

சிட்னி நகரிலிருந்து மேற்கே போகும் பிற்பகல் ரயில். டெக்சாஸிலிருந்து வந்திருந்தவர் கதவைப் பார்த்த இருக்கையாகத் தேடி உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய சிட்னி நண்பர். எதிர் இருக்கையில் நான்.

“மச்சான், உண்மையா இந்தப் பெட்டியிலை ஒருத்தரிட்டையும் துவக்கு, பிஸ்டல் ஒண்டும் இல்லையோ?”

“பொலிஸ் ஏறினாத்தான் உண்டு. நீ ஏன் போட்டிருக்கிற சேட்டை இழுத்து இழுத்து விடுறாய்? வயித்தை மறைக்கிறியோ?”

“பழக்கமடா. கடையிலை கொள்ளை நடந்ததிலையிருந்து அங்கை இடுப்பிலை ஒளிச்சு வைச்சிருக்கிறனான். மனிசி, வெளியிலை தெரியக் கட்டுங்கோ, கண்டாலே ஓடுவாங்கள் எண்டுறாள். கண்டா முதல் வெடி எனக்குத்தான் எண்டுறன் நான்.”

“ஆர் சரி?”

“ரெண்டு பேருக்கும் நித்திரை இல்லை.”

அவர் பெட்டி முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

“இவ்வளவு சனம்! ஒருத்தரிட்டையும் இல்லை!” கோயிலுக்குள் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்.

“வென்ட்வேர்த்விலிலை இறங்கிக் கொத்துரொட்டி வாங்குவம்,” என்றார் நண்பர்.

பரமட்டாவைத் தாண்டும்போது டெக்சாஸ்காரர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலது கை இடுப்பை விட்டு மடியில் கிடந்தது.

வென்ட்வேர்த்வில் வந்தது. எழுப்புவதற்கு நீட்டிய கையை நண்பர் இழுத்துக்கொண்டார். நான் இறங்கினேன். கதவு மூடிக்கொண்டது. ரயில் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.