ஒரே தாய் வயிற்றுக் கண்ணாக்காடு

தன்னாமுனைத் தேவாலய வளவில் திரண்டிருக்கும் இந்தப் பேரவையின் தலைவர், மதிப்புக்குரிய நல்லரத்தினம் ஐயா அவர்களே! எழுவான்கரையின் ஏந்தல்களே! வாவி கடந்து வந்த படுவான்கரைப் பெருமக்களே! வலைமணம் மாறாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த அன்னையரே! இந்த வாவி வளர்த்த ஜிலியன் உங்களை வணங்குகிறேன்.

பறங்கிப் பெண்ணுக்கு இவ்வளவு தமிழா என்று அங்கே ஒருவர் வாயைப் பிளக்கிறார். மூடுங்கள் ஐயா, நுளம்பு போய்விடும்!

ஆறாண்டுக்கு முன் ஆழிப்பேரலை வந்ததே, அது டச்பாரில் எங்கள் வீட்டைக் கேட்டதா? என் தாய் வினிபிரட்டைக் கேட்டதா? கேளாமல் கொண்டுபோனது! தாயைப் புதைத்த கையோடு மரபியல் படிக்கப் போனேன். "அம்மாவும் போயிட்டா, மறுகா படிச்சு என்னகா செய்யப்போறாய்?" என்றார்கள் ஊரார். மூலக்கூற்றைப் படித்தேன். மரபணுவைப் படித்தேன். ஓருயிர் எப்படிப் பல்லுயிர் ஆயிற்று, பல்லுயிர் எப்படி இல்லாமற்போகும் என்று படித்தேன்.

அலை அடித்த இரண்டாம் வருடம், கரையைக் காக்க எல்லோரும் உப்புநீரில் வேர்விடும் கண்ணா மரம் நட்டோமே, காய் எங்கே பொறுக்கினோம்? காட்டுக்குள் போக முடிந்ததா? மிதிவெடி! படுவான்கரைக்குத் தோணி விட முடிந்ததா? யுத்தம்! சென்றியில் துவக்கோடு காவல் நின்றவர்கள் விட்டது பாலத்தடியில் நின்ற ஒரேயொரு மரத்தடிக்குத்தான். அதன் காயையே கரை முழுதும் நட்டோம். வளர்ந்தது, மகிழ்ந்தோம். போன வருடம் இலைக்கருகல் வந்தது. குருக்கள்மடம் வரை பாதி மரம் பட்டுப்போனது. அதே கருகல் அக்கரைக் கண்ணாக்காட்டுக்கும் போனது. அங்கே சில மரம் விழுந்தது, பல மரம் நிமிர்ந்து நின்றது. ஏன்?

யுத்தம் முடிந்ததும் கச்சி முகம்மது காக்காவின் தோணியில் அக்கரை போனேன். இரு கரை இலைகளையும் கொண்டுபோய் மரபணுவைப் பிரித்துப் பார்த்தேன். அக்கரை, பல தாய் பெற்ற காடு. ஒன்றை வீழ்த்தும் நோயை இன்னொன்று எதிர்க்கும். இக்கரையோ எல்லாம் ஒரே வயிறு! என்னோடு நின்று நட்ட சித்தாண்டி சீதேவிப்பிள்ளை அக்கா தலையில் அடித்துக்கொண்டார்: "அட கடவுளே! அண்ணனையும் தங்கச்சியையுமெல்லோ சோடி சேத்து வெச்சிருக்கம்!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! தாய்வழியில் குடி கேட்டு, ஒரே குடி என்றால் சம்பந்தம் பேசாமல் எழுந்து வருகிற மண் இது. தமிழரும் கேட்கிறீர்கள், முஸ்லிம்களும் கேட்கிறீர்கள். மரத்துக்கு மட்டும் கேட்க மறந்தோமே!

அந்த அக்கரைக் காட்டைத்தான் வருகிற திங்கட்கிழமை இறால் கம்பனிக்காரர் வெட்டி, குளம் தோண்டப் போகிறார்கள். என்னிடம் வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? "இக்கரையில நட்டது நிக்குதுதானே மிஸ். ரெண்டும் ஒண்டுதான் எண்டு மேடையில சொல்லுங்க. உங்கட வெளிநாட்டுப் படிப்பு எங்கட பொறுப்பு." அதற்காகத்தான் என்னை இங்கே ஏற்றினார்கள். தலைவர் ஐயாவுக்கும் இது தெரியும்.

யாரது, "அப்ப சொல்லப்போறியளா மிஸ்?" என்று கேட்பது? சொல்லமாட்டேன்! கொன்றாலும் சொல்லமாட்டேன்! உயர்மரபியல் படிக்க எனக்கு ஆசை இல்லையா? உண்டு, நெஞ்சு நிறைய உண்டு! ஆனால் படித்ததைப் பொய்யாக்கினால்தான் மேலே படிக்கலாம் என்றால், அந்தப் படிப்பு வாவியோடு போகட்டும்!

நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிறீர்களா, தலைவர் ஐயா? அடியுங்கள்! அலைக்கு அஞ்சாதவள், ஷெல்லுக்கு அஞ்சாதவள், இந்த மணிக்கா அஞ்சுவேன்?

தாய்மாரே, ஞாயிறு பூசை முடிந்ததும் தோணிகள் புறப்படும். இக்கரையில் நட, எல்லா மரத்தடியிலும் காய் பொறுக்குவோம். திங்கள் விடியும்போது இயந்திரங்களுக்கு முன்னால் நிற்போம். வெட்ட வருகிறவர்கள் முதலில் எங்களைக் கடக்கட்டும்!

ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும், தொண்டை என்னுடையது! பின்வரிசைக்குக் கேட்கிறதா? கேட்கிறதென்று கை தூக்கிய அத்தனை பேருக்கும் நன்றி. தூக்கிய கையை இறக்காமல் அக்கரைக்கு வாருங்கள். வணக்கம்!