சோபாவில் எடுத்த படம்

செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மொதலாளியம்மா என்னிய அவங்க பக்கத்துல சோபால குந்த வெச்சி போட்டோ எடுத்தாங்கோ” என்றான் அவன்.

“எதுக்கு?”

“அவங்களுக்கு என் கிட்னிய விக்கிறேன்னு சொல்லக்கூடாதாம். பாசத்துல குடுக்குறேன்னு ஆஸ்பத்திரி கமிட்டில சொல்லணும். அதுக்குத்தான் போட்டோ. நமக்கு வூடு கட்டித் தராங்கோ.”

“இத்தினி வருசமா அவங்களுக்கு டிரைவரா கீற. கார் சாவிய எங்க நின்னுகினு வாங்குவ?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கூடுவாஞ்சேரியில் நின்று ரயில் மறுபடி கிளம்பியது.

“வாசப்படில” என்றான். “நாளைக்கு கமிட்டில உன்னையும் கேப்பாங்கமே. நீ சம்மதிச்சாத்தான் நடக்கும்.”

“கேக்கட்டும். நீ சோபாவ காட்டு. நான் வாசப்படிய சொல்றேன்.”