உலை உப்பு

இரண்டு நாளாக வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தி.நகர் கல்யாணத்துக்கு நாலு தேக்சா பிரியாணி போட்டது நான். கொதிக்கிற உலையிலிருந்து அரைவேக்காட்டு அரிசியை ஜல்லிக்கரண்டியால் அள்ளி அள்ளிக் கறிமேல் கொட்டிய தோள் இது. உங்கள் ஆஸ்பத்திரியில் எதற்கெல்லாமோ ஸ்கேன் எடுக்கிறார்கள், ஹம்சாம்மா. தைலம் தேய்த்துவிட ஓர் ஆள் இல்லை.

கவுன்சிலர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நேற்று என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "ஆத்துல என்னம்மா நடந்தது?" பதற்றத்தில் உங்கள் வீட்டுப் பேச்சே வந்துவிட்டது. நான் ஒன்றுமில்லை என்றேன். வாயால் சொன்னால் பாதியில் முகத்தைச் சுளிப்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். தனியாக உட்கார்ந்து சுளித்துக்கொள்ளுங்கள்.

என் புருஷன் கரீமுல்லா பிரியாணி மாஸ்டர். ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் அவர் பெயரைச் சொன்னால் போதும், தேதி கேட்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு வெங்காயம் உரித்தவள் நான். என் அத்தா மீன்பாடி வண்டி மிதித்தவர், அம்மா கோணி தைத்தவள். வேலைக்கு நான் பயந்ததில்லை. வெங்காயம், பூண்டு, கறி அலசுவது, அடிப்பிடித்த தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்ப்பது எல்லாம் என்னுடையது. ஒன்றே ஒன்றுதான் அவருடையது. உலை கொதிக்கும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கடல் தண்ணீர் மாதிரி கரித்தால்தான் அரிசியில் உப்பு ஏறும். அந்த ஒரு நக்குக்குத்தான் மாஸ்டர் என்று பெயர்.

ஒருமுறை அவர் பீடி வாங்கப் போன நேரத்தில் நான் நக்கிப் பார்த்தேன். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். அடுப்பு பார்க்கிற அன்வர் பாஷாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள்.

"இன்னாமே, நீ எப்போ மாஸ்டரானே? போய் வெங்காயத்தப் பாரு, உன்னக் காணோம்னு அழுதுக்கினு கீது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல ஜோக்குதான்.

போன வருஷம் அவருக்கு நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு மேலே ஒரு கட்டி. எலுமிச்சம்பழ அளவு, கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய டாக்டர் எங்களிடம் சொன்னார்: வாசனையும் ருசியும் போகலாம், போகாமலும் இருக்கலாம். வடபழனி டெப்போவில் பஸ் வருமா என்று கேட்டால் இதே பதிலைத்தான் சொல்வார்கள்.

மண்டையைத் திறந்தார்கள். கட்டியை எடுத்துவிட்டு வாய்க்கொழுப்பை அப்படியே உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்கள். முதல் சாப்பாட்டிலேயே நர்ஸிடம், "இந்த ரசத்த எவன் வெச்சான்? உப்பு அள்ளிக் கொட்டிக்கீறான். அவன் தலையத் தொறந்து பாருங்க" என்றார். அவர் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தவள், மறதி வராதா.

"உப்பு இல்லியேமே" என்றார்.

எழுந்து போய் எடுத்துவர முட்டி இடம் கொடுக்கவில்லை. "போட்டுத்தான் கீறேன்" என்றேன்.

அவ்வளவுதான். அசதியில் வந்த ஒரு பொய். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இன்னொரு வாய் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "மெய்யாலுமா?" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. குருமாவில் இல்லை, முட்டையில் இல்லை, டீயில் சர்க்கரையும் இல்லை. என் தட்டில் மட்டும் அடுப்படியிலேயே கலந்துகொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். மகள் இஃப்ரா வேளச்சேரியில் அவள் புருஷன் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வெளிச்சாப்பாடு கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ராயப்பேட்டையில் ஒரு நிக்காஹ். அடுப்பருகே நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். உலை கொதித்தது. அன்வர் பாஷா, "மாஸ்டர்" என்று கரண்டியை நீட்டினார். அவர் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அவளாண்ட குடு" என்றார்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையில் விட்டு நக்கினேன். இன்னும் இரண்டு கை போடச் சொன்னேன். பந்தி முடிந்து மாப்பிள்ளையின் மாமா வந்து கைகூப்பிவிட்டுப் போனார். என்னைப் பார்த்து. அன்றைக்கு நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். நல்ல பசி.

பிறகு ஒருநாள் மத்தியானம் அவர் அடுப்படியில் புகுந்து ஒரு கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கரிக்குதுமே. மெய்யாலுமே கரிக்குது."

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை படிப்பீர்கள், தெரியும். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பொறுமையாகச் சொன்னேன். "டாக்டர் எங்கிட்ட தனியா சொன்னாருங்க. உப்பக் கண்ணால பாத்தா மூளை பழைய ஞாபகத்துல கரிக்குதுன்னு சொல்லுமாம். அத்த நம்பாதீங்க."

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நானே யோசித்துச் சொன்னது. எட்டாங்கிளாஸோடு நின்றவளுக்கு அது மோசமில்லை.

வாயிலிருந்த உப்பைத் துப்பிவிட்டார். அதோடு அவர் தன்னைத்தானே நம்புவதையும் விட்டுவிட்டார். மழை பெய்கிறதா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஜன்னலைச் சாத்தினார். குளிக்கும்போது வெந்நீர் சுடுகிறதா என்று கேட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து, தொழுதேனா என்று கேட்டார். தெருவே காதைப் பொத்திக்கொள்ளத் திட்டியவர், பட்டப்பகலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "என்ன ஏன்மே பொழைக்க வெச்சே" என்றார். தலையைத் தடவிக்கொடுத்தேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

செக்கப்பில் நீங்கள் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டீர்கள். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகிறாரா, வாழப் பிடிக்கவில்லை என்கிறாரா. கேட்டது அவரை. பதில் சொன்னது நான். இங்கே யார் வீட்டில்தான் நோயாளி பேசுகிறார்? எங்களுக்கு முன்னால் போனவருக்கு எங்கே வலிக்கிறது என்பதை அவர் மச்சினன் சொன்னான். நான், "நல்லா கீறாரும்மா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இருந்தாலும் உங்கள் டாக்டருக்குச் சந்தேகம். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். அந்தப் பாவம் என் தலையில் இல்லை.

பிறகு சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். மண்ணு மாதிரி கீது, வேணாம் என்பார். போன சனிக்கிழமை மயங்கி விழுந்தார். இங்கே சேர்த்து டிரிப் ஏற்றியதும் நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் கல்யாணம், கறி வெட்டியாகிவிட்டது.

நேற்று நர்ஸ் ஒரு ஸ்பூன் கஞ்சி ஊட்டினாள். நீங்களும் கட்டிலருகே இருந்தீர்கள். அவர் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "இதுல உப்பு கீற மாதிரி என் மூளை பொய் சொல்லுதும்மா. யாராவது பாத்துச் சொல்லுங்களேன்."

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். படித்த கண்.

அடித்தேனா, இல்லை. விஷம் வைத்தேனா, இல்லை. உப்பைக் குறைத்தேன், உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அவரை இந்தக் கட்டிலில் படுக்கவைத்தது கட்டி இல்லை, கத்தி இல்லை. நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

நீங்கள் போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிரயோஜனமில்லை. பெரிய டாக்டரே சொன்னாலும் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்பார். இப்போது அவர் நம்புவது என் வாயை மட்டும்தான். சொல்வதென்றால் நான்தான் சொல்ல வேண்டும்.

சொல்வேன். வெள்ளிக்கிழமை வடபழனியில் ஒரு ரிசப்ஷன், ஆறு தேக்சா. அது முடியட்டும். அவர் உடம்பும் கொஞ்சம் தேறட்டும். திடீரென்று சொன்னால் தாங்க மாட்டார், அவர் நல்லதுக்காகத்தான் பார்க்கிறேன்.

"உங்க நாக்கு நல்லாத்தான் கீது." இந்த ஒரு வார்த்தை அவருக்கு நான் பாக்கி.